காலி நாழியில் ஒரு பிடி மருந்து

1

இந்தக் குறிப்புகளை எப்போதும் ஓஹையோவிலிருந்து எழுதி அனுப்புவேன். பனியை வாரிக் கொட்டியது, கார் கிளம்பவில்லை, தேங்காய் கிடைக்கவில்லை என்று மூக்கால் அழுவேன். நம் சங்க மலரில் அதைப் போடுவார்கள். நீங்களும் திருவனந்தபுரத்தில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து, "பாவம் கோமதி" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவீர்கள். இந்த முறை உங்களுக்கு நான்கு தெரு தள்ளி, ஸ்ரீவராகத்தில், அண்ணா வீட்டு மாடியறையிலிருந்து எழுதுகிறேன். திரும்பிப் போயிருக்க வேண்டிய நாள் போய் இருபத்து நான்கு நாள் ஆகிறது. பாஸ்போர்ட் என் கையில் இல்லை.

பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்திருக்கும். கோவில் குளத்தங்கரையில் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறவர்களுக்கு நிச்சயம் தெரியும். அவர்கள் கேட்ட கதையில் நான் துப்பாக்கியே கொண்டு வந்திருக்கிறேனாம். ஆகையால் நடந்ததை நானே சொல்லிவிடுவது நல்லது.

ஊருக்குக் கிளம்பும்போது என் பெண் வித்யாவின் பழைய நீலப் பையை எடுத்துக்கொண்டேன். அவள் தூக்கிப் போட வைத்திருந்தது. நல்ல கான்வாஸ், ஜிப் ஒழுங்காக இருந்தது, உள்துணி மட்டும் ஒரு மூலையில் கிழிந்திருந்தது. தூக்கிப் போட மனசு வரவில்லை. வரும்போது அது பெரிய பெட்டிக்குள் மடிந்து கிடந்தது, யாரும் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பும்போது மன்னி கொடுத்த பலாப்பழச் சக்க வரட்டியையும் நேந்திரங்காய் வறுவலையும் அதில் போட்டு, தோளில் மாட்டிக்கொண்டு விமான நிலையத்துக்குள் போனேன்.

எக்ஸ்ரே பெல்ட் நின்றது. அங்கே இருந்த பெண் காவலர் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். "சேச்சி, இது சேச்சியுடெ பேகாணோ?" என்று பையைக் காட்டிக் கேட்டாள். ஆமாம் என்றேன். வறுவல் பொட்டலங்களை ஒவ்வொன்றாக வெளியே வைத்துவிட்டு, உள்துணிக் கிழிசலில் இரண்டு விரலை விட்டு, பித்தளையில் விரல் நீளத்துக்கு ஒன்றை எடுத்தாள். அதன் அடிப்பாகத்தில் பச்சை மையில் ஒரு பொட்டு இருந்தது.

தோட்டா. அந்தப் பச்சைப் பொட்டைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அந்தத் தோட்டாவை ஒன்றரை வருஷமாக நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம்.

2

அமெரிக்காவில் நம்மவர்களின் பிள்ளைகள் பியானோ வாசிக்கும், நீச்சல் போட்டிக்குப் போகும். என் பெண் காலேஜில் துப்பாக்கி எடுத்தாள். தப்பாக நினைக்காதீர்கள், குறி பார்த்துக் காகிதத்தைச் சுடுகிற போட்டிதான். என் வீட்டுக்காரர் இருந்தவரை, "கொசு அடிக்கவே கை கூசற குடும்பம், இது எங்கேர்ந்து வந்தது" என்று சிரிப்பார். அவர் போன பிறகு அதைச் சொல்லிச் சிரிக்கவும் வீட்டில் ஆளில்லை. அவள் இன்னும் அதிகமாகச் சுடப் போனாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் திரும்பி வருகிற வரை நான் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பேன்.

கடைத் தோட்டா ஒன்று போல் ஒன்று இருக்காதாம். அதனால் அவளே வீட்டில் நிரப்ப ஆரம்பித்தாள். அங்கே சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. நாம் மாங்காய்ச் சீசனில் ஊறுகாய் போடுகிற மாதிரி அங்கே பலர் கேரேஜில் இதைச் செய்கிறார்கள். சுட்டு முடிந்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கிக் கொண்டு வந்து, கழுவி, புது வெடிமருந்தை அளந்து போட்டு, மேலே ஈயக் குண்டை அழுத்தி மூடுவது. எங்கள் கேரேஜில் துணி துவைக்கிற மிஷினுக்குப் பக்கத்தில் அவள் மேஜை. எனக்கு அந்த வீட்டில் இதைவிடப் பயமான இடம் கிடையாது.

மேஜை விளிம்பில் ஒரு கருவியை முடுக்கி வைத்திருந்தாள். பவுடர் மெஷர் என்பாள். மேலே மருந்து கொட்டி வைக்க ஒரு கண்ணாடி மாதிரிக் குழாய், கீழே குழிவுள்ள ஓர் இரும்பு உருளை, பக்கத்தில் ஒரு கைப்பிடி. பிடியை மேலே தூக்கினால் குழிவு நிரம்பும். கீழே இறக்கினால் அந்த ஓர் அளவு மட்டும் கூட்டுக்குள் சரசரவென்று விழும். தூக்குகிற வேகமும் இறக்குகிற வேகமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கை பதறினால் மணல் மாதிரி இருக்கிற அந்த மருந்தில் நாலு மணி கூடும், அல்லது குறையும். அந்த நேரத்தில் அவள் பாட்டு கேட்க மாட்டாள், போன் எடுக்க மாட்டாள், நான் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். என் பெண் இவ்வளவு அடக்கமாக உட்கார்ந்து நான் பார்த்தது அந்த மேஜையில்தான்.

அவளுக்கு இரண்டு கண்டிப்பு. மேஜைமேல் ஒரு சமயத்தில் ஒரு குப்பி மருந்துதான் இருக்கலாம். வேலை முடிந்ததும் கருவியில் மிஞ்சியதை அதே குப்பியில் கொட்டி, பிரஷ்ஷால் துடைத்து, ஒரு மணிகூட இல்லாமல் காலியாக வைக்க வேண்டும். பழகிப் பழகி அந்தக் குழாய் பழுப்பேறிப் போயிருந்தது. உள்ளே ஏதாவது இருக்கிறதா இல்லையா என்று பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

3

காலியாக வைப்பாள் என்றேனே, அங்கேதான் நான் கெட்டேன்.

நம் வீடுகளில் அரிசி டின்னுக்குள் கிடக்கிற நாழியை யாராவது காலியாகப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? அளந்து முடித்ததும் ஒரு பிடியாவது அதில் விட்டுத்தான் மூடுவோம். கவிழ்த்து வைத்தால் வசவு விழும். இதை யாரும் எனக்கு உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை, கை தானாகச் செய்யும். அளக்கிற பாத்திரம் காலியாக இருந்தால் வீட்டுக்கு ஆகாது, அவ்வளவுதான். முப்பது வருஷம் அமெரிக்காவில் பிளாஸ்டிக் கப்பில் அரிசி அளந்தபோதும் ஒரு பிடி விட்டுத்தான் மூடினேன்.

அந்த வருஷம் எங்களுக்கு எல்லாம் கோணலாகப் போயிற்று. வித்யாவின் காரை ஒருவன் பின்னால் வந்து இடித்தான். நிச்சயம் வரை வந்த ஒரு வரன் நின்று போயிற்று. எனக்கு நெஞ்சில் ஏதோ நிழல் தெரிகிறது என்று டாக்டர் மூன்று மாதம் பயமுறுத்தினார். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றிவிட்டுத் துணி எடுக்கக் கேரேஜுக்குப் போனேன். அந்தக் கருவி துடைத்து வைத்தபடி காலியாக நின்றது. அளக்கிற பாத்திரம் இப்படி வாரா வாரம் வழித்துத் துடைத்துக் கிடந்தால் வீடு எப்படி உருப்படும் என்று பட்டது. அலமாரியில் கையெட்டிய குப்பியைத் திறந்து, உள்ளங்கையில் கொஞ்சம் மருந்து எடுத்து, குழாயில் போட்டேன். மனசுக்கு நிம்மதியாகவும் இருந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை அவள் வேறு குப்பியிலிருந்து மருந்தை அதன் மேல் கொட்டி ஐம்பது தோட்டா நிரப்பினாள். அன்றைக்கு நிரப்பியது என்று ஒவ்வொன்றின் அடியிலும் பச்சைப் பொட்டு வைத்தாள். மத்தியானம் சாப்பிடும்போது, ஏதோ பேச வேண்டுமே என்று, "ஒவ்வொரு வாட்டியும் எதுக்குடி அதை அப்படித் தொடைக்கறே?" என்று கேட்டேன்.

"மிக்ஸ் ஆகக் கூடாதும்மா. ஒண்ணு மெதுவா எரியும். இன்னொண்ணு டக்குன்னு எரியும். பாத்தா ஒரே மாதிரிதான் இருக்கும். மாறிப் போச்சுன்னா கன் கையிலயே வெடிச்சுடும். விரல் போகும், கண்ணு போகும்."

நான் மோர் சாதத்தில் கையை வைத்தபடி இருந்தேன். அப்புறம் சொன்னேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய், குண்டைப் பிரிக்கிற பிளாஸ்டிக் சுத்தியலை எடுத்துக்கொண்டு கேரேஜ் தரையில் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாகப் பிரித்து மருந்தை ஒரு தண்ணீர்ப் பாத்திரத்தில் கொட்டினாள். முதல் பத்துப் பன்னிரண்டுதான் ஆபத்து, அடியில் கிடந்தது முதலில் இறங்கியிருக்கும் என்றாள். எது முதல் பத்து என்று இப்போது யாருக்குத் தெரியும்?

நாற்பத்தொன்பதுதான் இருந்தது. மேஜை, தரை, வாஷிங் மிஷினின் அடி, கார், அவள் தோட்டாப் பெட்டிகளைப் போட்டுக்கொண்டு போகிற அந்த நீலப் பை எல்லாவற்றையும் தேடினோம். பையைத் தலைகீழாக உதறினாள். உள்துணிக் கிழிசல் இருவர் கண்ணிலும் படவில்லை.

அதன் பிறகு கேரேஜில் அந்த அலமாரிக்குப் பூட்டு வந்தது. சாவி எங்கே என்று நான் கேட்கவில்லை.

4

விமான நிலையத்திலிருந்து என்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். மரியாதையாகத்தான் நடத்தினார்கள், பொய் சொல்லக் கூடாது. சாயா வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு ஃபாரத்தில் பிறந்த ஊர் என்ற இடத்தில் திருவனந்தபுரம் என்று எழுதினார்கள். அதற்கு அடுத்த கட்டத்தில் விதேசி என்று எழுதினார்கள். இரண்டையும் ஒரே கான்ஸ்டபிள் ஒரே பேனாவால் எழுதினார். அவருக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை.

அண்ணா ஒரு வக்கீலம்மாவைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்தார். சின்ன வயசு, கெட்டிக்காரி, மலையாளி, எனக்காகத் தமிழ் பேசினாள். "மேடம், பேடிக்கவே வேண்டா, பயமே வேண்டா. இந்த மாதிரி கேஸ் நெறய வரும். பையில தோட்டா இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. மகளுக்கு அங்க லைசன்ஸ் உண்டு. கடையில வாங்கின தோட்டா, மறந்து போச்சு. அத்ர தன்னே, அவ்வளவுதான். ஹைகோர்ட்டுல கேஸைத் தள்ளிரும்."

கடையில் வாங்கியது என்று மலையாளத்தில் எழுதி நீட்டினாள். இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்த எனக்கு இப்போது ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் படிக்க வருகிறது. ஆனால் அந்த ஒரு வார்த்தை நன்றாகப் புரிந்தது. கையெழுத்துப் போட்டேன். பயம் என்றால் அப்படி ஒரு பயம், மன்னிப்புக் கேட்டு எழுதச் சொல்லியிருந்தால் அதையும் எழுதியிருப்பேன்.

ஜாமீன் கிடைத்தது. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமைதோறும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். மூன்றாவது திங்கட்கிழமை, கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தபோது எஸ்.ஐ. சொன்னார்: "டெஸ்டு ரிப்போர்ட் வந்தா எல்லாம் சரியாவும் சேச்சி. நாளைக்கு ஆயுதம் பாக்குற நம்மட ஆர்மரர் அதை ஒண்ணு வெடிச்சு நோக்கும். உயிருள்ளதா, செத்ததான்னு எழுதித் தரும்."

"வெடிச்சுன்னா?"

"தோக்குல போட்டு சுடும்." அவர் விரலைத் துப்பாக்கி மாதிரி நீட்டிக் காட்டினார்.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறியபின் அண்ணாவிடம் முழுக் கதையையும் சொன்னேன். அண்ணா செக்ரட்டேரியட்டில் முப்பத்தைந்து வருஷம் ஃபைல் தள்ளியவர். ஒரு வார்த்தை எழுதினால் அது எங்கெல்லாம் போகும் என்று அவருக்குத் தெரியும்.

"கோமு, நீ வாயைத் தொறக்காம மிண்டாம இரு, கேட்டியா? கடையில வாங்கினதுன்னு எழுதிக் குடுத்தாச்சு. இனிமே வீட்டுல பண்ணினதுன்னா, முதல்ல பொய் சொன்னேன்னு ஆகும். அப்பறம் மருந்து எங்கேர்ந்து, யார் பண்ணினா, எதுக்குப் பண்ணினா? கொழந்தை பேரு இதுல வரணுமாக்கும்? வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதே."

"அது வெடிச்சு அவன் கை போச்சுன்னா அண்ணா?"

"ஐம்பதுல பத்துதானே கெட்டதுன்னே. இது அந்தப் பத்துல ஒண்ணா இருக்கணும்னு என்ன இருக்கு?"

நியாயமான பேச்சு. எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. பழவங்காடியில் ஆட்டோ டிராஃபிக்கில் நின்றபோது பிள்ளையாருக்கு ஒரு சிதறுகாய் நேர்ந்துகொண்டேன். யாரோ ஒருவன் கைக்கு ஒரு தேங்காய் என்று நான் போட்ட கணக்கு எனக்கே வெட்கமாக இருந்தது.

5

மறுநாள் காலை காப்பி குடிக்கிற நேரத்துக்கு வித்யா போனில் வந்தாள். அங்கே முதல் நாள் ராத்திரி. தினம் கேட்கிற கேள்வியையே கேட்டாள், என்ன சொன்னார்கள் என்று. நானும் சாதாரணமாகச் சொல்ல முயன்றேன். டெஸ்ட் பண்ணப் போகிறார்களாம், அப்புறம் சரியாகிவிடுமாம் என்றேன்.

"என்ன டெஸ்ட்?"

காப்பி ஆறுகிறது என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அம்மா. அதை யாரு ஷூட் பண்ணப் போறா?"

"தெரியாதுடி. யாரோ ஒரு போலீஸ்காரர்."

"அவர் பேரு என்ன?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போற ஒவ்வொரு வாட்டியும் நீ வாசல்லயே நிப்பியேம்மா. அவர் ஆத்துலயும் யாராவது நிப்பா."

பதினெட்டு வயசுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய நீளமான தமிழ் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். போனை வைத்துவிட்டுப் புடவை மாற்றினேன். அண்ணா குளித்துக்கொண்டிருந்தார். மன்னியிடம் கோவிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். ஆட்டோக்காரன் கிழக்கே கோட்டையைச் சுற்றிக்கொண்டு போனான். "வேகம் போப்பா" என்று நான் சொன்ன மூன்று தடவையும், "போகாம் அம்மே, முன்னால பஸ்ஸு நிக்கு" என்றான்.

எஸ்.ஐ. யாரையோ விசாரித்துக்கொண்டிருந்தார். காத்திருக்கச் சொன்னார். நான் காத்திருக்கவில்லை. நின்றபடியே, தமிழும் மலையாளமும் இங்கிலீஷுமாகக் கொட்டினேன். நாழி, வெள்ளிக்கிழமை, ஒரு பிடி, இரண்டு மருந்து. அவருக்கு ஒரு இழவும் புரியவில்லை. "அரிசியா? தோட்டாவுல அரிசியா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"சார், அந்த உண்டை கடையில வாங்கினதில்லை. நான் பொய் எழுதிக் குடுத்தேன். வீட்டுல பண்ணினது. அதுல நான் தப்பு மருந்து போட்டுட்டேன். சுட்டா தோக்கு வெடிக்கும். அந்த ஆள் கை போயிடும். இப்போ போன் பண்ணுங்கோ."

சிரிப்பு நின்றது. அவர் போனை எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. இன்னொரு நம்பருக்குப் போட்டார். அதுவும் அடித்து ஓய்ந்தது. நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது தடவை யாரோ எடுத்தார்கள். எஸ்.ஐ. ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, "வேண்டா, வேண்டா, அது தொடண்டா" என்று கத்தினார். பிறகு போனை என்னிடம் நீட்டினார்.

"அம்மா, நான் ஆர்மரர் பேசறேன்." தமிழ்தான். பாறசாலைப் பக்கத்துத் தமிழ். "சாமானம் எல்லாம் எடுத்து வச்சாச்சு, சாட்சிக்கு ஒப்பு போட ஒருத்தர் வரணும்னு நின்னுட்டிருந்தேன். என்ன மருந்து போட்டீங்க? பேரு தெரியுமா?"

"தெரியாது. கைக்கு எட்டின குப்பி."

"எத்தனை போட்டீங்க?"

"ஒரு பிடி."

"செரி, நான் பிரிச்சுப் பாக்கேன்" என்று வைத்துவிட்டார். அவர் பெயரைக் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன், மறந்துவிட்டேன்.

6

இரண்டு நாளில் அவர் பிரித்துப் பார்த்த ரிப்போர்ட் வந்தது. உள்ளே இரண்டு மாதிரி மணி இருந்ததாம். பெரும்பாலும் நான் போட்டதுதான். அது கெட்ட பத்தில் ஒன்று.

கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. அண்ணா என்னோடு பேசவில்லை. வக்கீலம்மா காகிதக் கட்டை நிமிர்த்தி மேஜையில் வைத்துவிட்டு, "இனி இது பழைய கேஸ் இல்ல மேடம்" என்றாள். வீட்டில் செய்த தோட்டா என்று ஆகிவிட்டதால் புதிதாக ஒரு சட்டப் பிரிவு சேர்க்கிறார்களாம். அது எவ்வளவு தூரம் இழுக்கும் என்று கேட்டேன். செய்த ஆளின் வாக்குமூலம் வேண்டுமாம். அங்கேயே தூதரகத்தில் எழுதிக் கொடுத்தால் போதுமா, நேரே வர வேண்டுமா என்று விசாரித்து மூன்று ஆபீஸில் மூன்று பதில் கிடைத்தது. ஒரு இடத்தில் அதற்கான செக்ஷன் வேறு மாடி என்றார்கள். அந்த மாடியில் அன்றைக்கு லீவு.

இதையெல்லாம் நான் வித்யாவிடம் சொல்லவில்லை. மன்னி சொல்லிவிட்டாள்.

என் பெண் இந்த ஊருக்குக் கடைசியாக வந்து பதினோரு வருஷம் ஆகிறது. அவள் அப்பா அஸ்தி கரைக்க நான் தனியாகத்தான் வந்தேன். சித்திரையில் வா, ஓணத்துக்கு வா, லட்சதீபத்துக்கு வா என்று ஒவ்வொரு வருஷமும் கெஞ்சுவேன். லீவ் இல்லை என்பாள். அங்கே எனக்கு யாரைத் தெரியும் என்பாள். ஒரு தடவை, அது உன் ஊர் அம்மா என்றாள். அன்றைக்கு நான் ராத்திரி சாப்பிடவில்லை.

நேற்றுக் காலையிலிருந்து மத்தியானம் வரை நான் அவளிடம் வராதே, வராதே என்று போனில் கெஞ்சினேன். உன்னையும் பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்றேன். உன் வேலை போகும் என்றேன். எனக்கு அறுபத்தொன்று ஆகிறது, நான் இங்கே கிடந்தால் ஒன்றும் குறைந்து போகாது என்றேன். கடைசியில் அவள் அப்பா பேரில் ஆணையிட்டேன். அவள் எல்லாவற்றையும் கேட்டாள்.

"பண்ணினது நான்தானேம்மா" என்றாள். டிக்கெட் வாங்கிவிட்டாளாம்.

அண்ணா ஸ்டேஷனுக்குப் போய், அவள் பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொள்வார்களா என்று கேட்டுவிட்டு வந்தார். "வரட்டே, நோக்காம்" என்றார்களாம். வரட்டும், பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று நானும் அண்ணாவும் மன்னியும் இன்று முழுக்கப் பேசினோம். ஆளுக்கொரு அர்த்தம் சொன்னோம்.

நாளைக் காலை எட்டே காலுக்கு அவள் விமானம் இறங்குகிறது. மன்னி அவளுக்கு மாடியில் படுக்கை போட்டிருக்கிறாள். நான் விமான நிலைய வாசலில் நிற்பேன். அவள் முகத்தைப் பார்க்கத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன், நாளைக்கு அந்த முகம் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் தெரிந்ததும் திரும்பிப் போ என்று நான் கத்திவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது.